கம்ப்யூட்டருக்குள் கட்டிய இரண்டாவது மாடி

1. ஒன்பது நிமிடம்

துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி அனுப்பிய பாதுகாப்பு ஆடிட்டர், தன் ஸ்டாப்வாட்சை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"மேடம், ஒம்பது நிமிஷம். நாலு நிமிஷத்துக்குள்ள எல்லாரும் கீழ வந்திருக்கணும். நிஜமாவே தீ பிடிச்சிருந்தா என்ன ஆகும்?"

பெருமாநல்லூர் பக்கம் இருந்த ஒரு பனியன் கம்பெனியில் நான் ட்ரெய்னிங் ஆபீசர். சைரன் அடித்தால் எப்படி வெளியேறுவது என்று தொழிலாளிகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் என் வேலைதான். இரண்டாவது மாடியில் தையல் செக்‌ஷன், நூற்றிருபது பேர், பெரும்பாலும் பெண்கள். முன்பக்கம் ஒரு படிக்கட்டு, அவசரத்துக்குப் பின்பக்கம் இன்னொரு படிக்கட்டு. அன்றைக்குப் பின்படியில் ஒரு ஈ, காக்கைகூட இறங்கவில்லை. மொத்தக் கூட்டமும் முன்கதவில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

மூன்று வாரம் கழித்து மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டு ஆடிட்டர் போய்விட்டார். முதலாளி விவசாயக் குடும்பத்திலிருந்து தொழிலுக்கு வந்தவர். குரலை உயர்த்தவே மாட்டார். அன்று மாலை என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க மேடம், இந்த ஆர்டர் போச்சுன்னா ரெண்டாவது மாடிய மூடறதத் தவிர வேற வழி இல்லீங்க. பாத்துப் பண்ணுங்க. ஆனா தெனமும் லைன நிறுத்தி ட்ரில்லு கிரில்லுன்னு ஆரம்பிச்சராதீங்க. ஷிப்மென்ட் தலைக்கு மேல நிக்குது. வேணுமுன்னா ஒரே ஒரு தடவ பண்ணிக்கோங்க."

தண்ணீரில் இறக்காமல் நீச்சல் கற்றுக்கொடுக்கச் சொல்கிறார் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே வெளியே வந்தேன். நூற்றிருபது பேருடைய வேலை என் தலையில் உட்கார்ந்திருந்தது.

2. பறந்துபோன பொம்மை

எங்கள் கம்பெனியில் துணி வெட்டப் பேட்டர்ன் போடும் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டவர் பிரபு, தேனிக்காரர். சாப்பாட்டு நேரத்தில் இன்டர்நெட்டில் ஏதோ ஒரு உலகத்துக்குள் புகுந்து உலாத்திக்கொண்டிருப்பார். கம்பெனி கம்ப்யூட்டரில் விளையாட்டா என்று அவரை நானே இரண்டு முறை கடிந்திருக்கிறேன். அன்றும் கடிந்துகொள்ளத்தான் போனேன்.

"இது கேம் இல்லக்கா. நமக்குன்னு ஒரு பொம்மை இருக்கும், அது நடக்கும், பேசும். வெளிநாட்டுல வாத்தியாருங்க இதுக்குள்ளயே கிளாஸ் எடுக்குறாங்க. அங்கிட்டு நாலு பேரு, இங்கிட்டு நாலு பேருன்னு உலகத்துல எங்க இருந்தாலும் ஒரே வகுப்புல உக்காரலாம்" என்றார்.

அவருடைய பொம்மை ஒரு கட்டடத்தின் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தது. அந்தப் படிக்கட்டைப் பார்த்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது.

"பிரபு, நம்ம ரெண்டாவது மாடிய இதுக்குள்ள கட்ட முடியுமா?"

"கட்டிப்புடலாம்க்கா. அளவை மட்டும் கொடுங்க."

டேப்பை எடுத்துக்கொண்டு அப்போதே மாடிக்கு ஓடினேன். ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷின் வரிசைகள், செக்கிங் டேபிள், கதவின் அகலம், படிகளின் எண்ணிக்கை என்று ஒன்றையும் விடவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக எதையும் அளந்ததில்லை. ஐந்தே நாளில் எங்கள் மாடி திரையில் எழுந்து நின்றது. ட்யூப் லைட்டைக்கூடப் பிரபு தொங்கவிட்டிருந்தார்.

ஆபீஸில் கெஞ்சிக் கூத்தாடி ஆறு கம்ப்யூட்டர் வாங்கினேன். ஆறு ஆறு பேராக, ஆளுக்கு இருபது நிமிடம். இதற்கு லைனை நிறுத்தத் தேவையில்லை. முதல் ஆறில் மரகதம் இருந்தார். ஓவர்லாக் டெய்லர், பதினைந்து வருட சர்வீஸ், வாய் மட்டும் மெஷினைவிட வேகம். மவுஸைத் தொடவே பயந்தவர், எதையோ அழுத்தினார். அவருடைய பொம்மை ஜிவ்வென்று எழும்பி, ஜன்னல் வழியாக வெளியே பறந்து போய்விட்டது.

அறை முழுக்கச் சிரிப்பு. "நெசமாலுமே இப்படிப் பறக்க முடிஞ்சா அந்த ஆடிட்டரு எதுக்குங்க மேடம்?" என்றார் மரகதம்.

பிரபு பறக்கும் வசதியை அடைத்துவிட்டு, முன்படியில் புகை கிளம்புகிற மாதிரி ஏற்பாடு செய்தார். புகை வந்ததும் பொம்மைகள் பின்பக்கம் திரும்பி இறங்க வேண்டும். கரும்பலகையில் அம்புக்குறி போட்டு மூன்று வருடம் கத்தியும் ஏறாதது இருபது நிமிடத்தில் ஏறியது. "மேடம், நாந்தான் மொதல்ல எறங்குனேன்!" என்று போட்டி போட்டார்கள். நடுவில் கரண்ட் போனால், எப்போது வரும் என்று கேட்டு நச்சரித்தார்கள். இரண்டாவது வாரக் கடைசியில் எல்லாப் பொம்மைகளும் மூன்று நிமிடத்துக்குள் கீழே நின்றன. எனக்குத் தலைகால் புரியவில்லை. முதலாளியிடம் போய், "நூத்துக்கு நூறு பாஸுங்க" என்றே சொல்லிவிட்டேன்.

3. பொம்மைக்கு இல்லாத ஒன்று

முதலாளி அனுமதித்திருந்த அந்த ஒரு ட்ரில்லை நடத்தினேன். சைரன் அடித்தது. பின்பக்க லைனில் இருந்தவர்கள் எழுந்தார்கள். பின்கதவைப் பார்த்தார்கள். பிறகு அப்படியே திரும்பி, ஹாலுக்குக் குறுக்கே முன்கதவுக்கு ஓடினார்கள். பழையபடி நெரிசல். ஏழு நிமிடம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கூட்டத்தில் முதலில் அகப்பட்ட மரகதத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"பொம்மைய அத்தன கரெக்டா எறக்குனீங்களே, இப்ப என்ன ஆச்சு?"

"பொம்மைக்குச் செருப்பு இல்லீங்களே மேடம்."

அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் ஊரில் தையல் ஹாலுக்குள் செருப்புப் போட்டு யாரும் வர மாட்டார்கள். வெள்ளைத் துணி அழுக்காகும் என்பது ஒன்று, பூஜை போடுகிற மெஷினைச் செருப்புக் காலால் மிதிக்கக் கூடாது என்பது இன்னொன்று. நூற்றிருபது ஜோடியும் முன்கதவுக்கு வெளியே குவிந்து கிடக்கும். வெளியே போகிறவர் தன் ஜோடியைத் தேடி மாட்டிக்கொண்டுதான் போவார். நானும் தினமும் அங்கேதான் கழற்றிப் போட்டேன். கதவை அளந்த அன்று அந்தக் குவியலைத் தாண்டித்தான் டேப்பை நீட்டினேன். அது என் கண்ணில் படவே இல்லை.

வெட்கமாக இருந்தது. ஆனால் சோர்ந்து உட்கார நேரமில்லை, ஐந்து நாள்தான் பாக்கி. மரகதத்தைக் கையோடு கூட்டிப்போய்ப் பிரபுவின் பக்கத்தில் உட்கார வைத்தேன். பிரபு ஆளுக்கொரு நிறத்தில் செருப்பு வரைந்து, முன்கதவில் குவித்தார். ஆறு பேரை உட்கார வைத்து ஓட்டச் சொன்னோம், பொம்மைகளும் எங்களைப் போலவே முட்டிக்கொண்டன. இரண்டு கதவிலும் பாதிப்பாதி பிரித்து வைத்துப் பார்த்தோம். நெரிசல் இரண்டு இடத்தில் ஆனதுதான் மிச்சம்.

மரகதம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செருப்பு எங்க கெடக்குதோ அங்கதானுங்க நாங்க ஓடுவோம். எங்களக் கீழ வரச் சொல்றீங்க. செருப்பக் கீழ வெச்சுட்டா?"

பிரபு மவுஸால் செருப்பு ஸ்டாண்டை அப்படியே இழுத்து, எல்லோரும் வந்து கூட வேண்டிய காம்பவுண்டு வேப்பமரத்தடியில் வைத்தார். சைரனை அழுத்தினார். ஆறு பொம்மைகளும் அவரவருக்குப் பக்கத்துப் படியில் இறங்கி, மரத்தடிக்கு ஒரே ஓட்டம். நாங்கள் மூன்று பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கைதட்டினோம்.

முதலாளி மட்டும் தயங்கினார். "வெறுங்கால்ல ரெண்டு மாடி ஏறோணுமேங்க, ஒத்துக்குவாங்களா?"

"மலைக் கோயிலுக்கு ஏறலீங்களா? இதென்னுங்க பெரிய மாடி" என்றார் மரகதம். மறுநாளே மரத்தடியில் இரும்பு ஸ்டாண்டு வந்துவிட்டது.

4. நிற்கும் ஜோடி

ஆடிட்டர் சொன்ன நாளில் வந்தார். காலை பதினொரு மணிக்கு சைரன் அடித்தது. இரண்டு படியிலும் ஆட்கள் தண்ணீர் மாதிரி இறங்கினார்கள். மரத்தடிக்கு வந்து, செருப்பை மாட்டி, வரிசையில் நின்றார்கள். சூப்பர்வைசர் எண்ணிவிட்டு, "நூத்தியிருவதும் வந்தாச்சுங்க மேடம்" என்று கத்தினார். ஸ்டாப்வாட்ச் மூன்றரை நிமிடத்தைத் தாண்டவில்லை. எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. எல்லோரும் வெளியேறிவிட்டதாக ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தேன்.

"மேடம், போடாதீங்க" என்றார் மரகதம். ஸ்டாண்டைக் காட்டினார். "ஒரு ஜோடி நிக்குது. நம்ம ஸ்டெல்லாவுதுங்க."

ஸ்டெல்லா செக்கிங்கில் இருந்த பெண், வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வரிசையில் அவள் இல்லை. கீழ்மாடியில் துணி வெட்டும் ஆள் ஒருவர் எங்கள் வரிசையில் கலந்து நின்றதில் கணக்கு சரியாக வந்திருக்கிறது. பேனாவை மூடிவிட்டேன். சூப்பர்வைசர் மேலே ஓடினார். இரண்டாவது மாடிக் கக்கூஸில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக் கை கால் கழுவிக்கொண்டிருந்தவளைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"சைரனே கேக்கலீங்க மேடம்" என்று அழுதாள் அந்தப் பெண்.

எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன். ஆடிட்டர் ஸ்டெல்லாவையும் செருப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"விட்டுப்போன ஆளை நீங்களே கண்டுபிடிச்சுட்டீங்க மேடம். ட்ரில் எதுக்கு? இதுக்குத்தான். கக்கூஸ்ல ஒரு சைரன் மாட்டுங்க, பாஸ் போடறேன்."

முதலாளி அன்று எல்லோருக்கும் டீயோடு பஜ்ஜியும் சொன்னார். இரண்டாவது மாடி பிழைத்தது.

இப்போது கண்ணை மூடும் வி.ஆர். கண்ணாடியை மாட்டி, கம்ப்யூட்டர் உலகத்துக்குள்ளேயே மெஷின் ஓட்டக் கற்றுத் தருகிறார்களாம். கேட்கவே உற்சாகமாக இருக்கிறது, எனக்கு வயது இருந்தால் முதல் ஆளாக மாட்டியிருப்பேன். அந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கம்ப்யூட்டர் உலகத்தைக் கட்டும்போது, அதில் படிக்கப்போகிறவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கட்டுங்கள். நான் மட்டும் அளந்து கட்டிய மாடியில் ட்யூப் லைட் இருந்தது, செருப்பு இல்லை. செருப்பைச் சேர்த்த பிறகும் கக்கூஸ் இல்லை. அன்று பேனா தாளில் பட்டிருந்தால், உள்ளே இருந்த ஒரு பெண்ணை வெளியே வந்துவிட்டதாக நானே எழுதிக் கொடுத்திருப்பேன்.

ஆடிட்டர் வந்துபோன மறுநாள் காலை, லைன் ஆரம்பிப்பதற்கு முன்பே ஸ்டெல்லாவைப் பிரபுவின் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தேன். பிரபு திரையில் கக்கூஸைக் கட்டத் தொடங்கினார். பயந்துகொண்டே பார்த்தவள், மெதுவாகத் திரையைத் தொட்டுக் காட்டினாள்.

"கதவு இந்தப் பக்கம் வரோணுமுங்க."