பஸ் தரிப்பிடத்தில் சாய்ந்த வெங்காயம்

பங்குனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் யாழ்ப்பாணம் போனேன். கோயிலுக்குமில்லை, கடலுக்குமில்லை. செத்துப்போன ஒரு விளம்பரத்துக்கு மாற்றுப் பயிர் வாங்கப் போனேன்.

நான் கொழும்பில் விளம்பர நிறுவனமொன்றில் வேலை செய்கிறேன். மரக்கறி விற்கும் வாடிக்கையாளர் ஒருவருக்காக, அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவிலுள்ள பஸ் தரிப்பிடத்தில் பெட்டிகள் வைத்து, இணுவில் செம்மண் நிரப்பி, சின்ன வெங்காயம் நட்டோம். "பஸ் வரும்வரை பச்சையைப் பாருங்கள்" என்று ஒரு பலகை. அவ்வளவுதான் விளம்பரம். வேலைக்குப் போகிறவர்கள் போத்தல் தண்ணீரின் மிச்சத்தை ஊற்றிவிட்டுப் போவார்கள். ஒரு பெண் போனை எடுக்காமல் அதையே பார்த்து நிற்பாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டு மாதத்தில் வெங்காயத் தாள் மஞ்சளாகி முழுக்கச் சாய்ந்துவிட்டது. வாடிக்கையாளர் கொதித்தார். திங்கள் காலைக்குள் பச்சை திரும்பாவிட்டால் ஒப்பந்தம் இல்லை என்றார். என் வேலையும் அநேகமாக இல்லை.

கொழும்புக் கோட்டையில் காலை 5.45 ரயில். யாழ்ப்பாணம் சேர 12.20. அங்கிருந்து இணுவிலுக்கு ஆறு கிலோமீற்றர், ஓட்டோவுக்கு 800 ரூபாய். மண்ணும் விதை வெங்காயமும் தந்த தவராசா அண்ணையின் தோட்டத்தில் இறங்கியதும் திக்கென்றது. அங்கேயும் எல்லாம் சாய்ந்து கிடந்தது. பாவம், இந்த மனிதருக்கும் அழிந்துபோயிற்றே என்று நினைத்தேன்.

"அண்ணை, உங்கடை தோட்டமும் போச்சோ?" என்று போனில் எங்கள் பெட்டிகளின் படத்தை நீட்டினேன்.

அவர் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"நட்டு எத்தினை நாள்?"

"ரண்டு மாசம்."

"உது சாகேல்லைப் பிள்ளை, முத்தியிருக்கு. தாள் சாஞ்சால் கிண்டி எடுக்கவேணும். தண்ணியும் விடுறியளோ?"

"ஓம், நெடுக விடுறம்."

"ஐயோ, நிப்பாட்டுங்கோ. அழுகப்போகுது."

அவர் மனைவி சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு அப்பால் போனார். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. ஞாயிற்றுக்கிழமை பெட்டிகளைக் குப்பைக்கு ஏற்ற அலுவலகத்தில் ஆள் சொல்லியிருந்தார்கள். வரம்பில் நின்றபடியே அலுவலகத்துக்கு அழைத்துத் தடுத்தேன்.

திங்கள் காலை ஏழு மணிக்குப் பலகையை மாற்றினேன்: "முத்திவிட்டது. கிண்டி எடுத்துப் போங்கள்." முதலில் யாரும் தொடவில்லை. பிறகு அந்தப் பெண்தான் கையை மண்ணுக்குள் விட்டாள். ஒன்பதுக்குள் பெட்டிகள் வெறுமை. அலுவலகத்துக்குச் செம்மண் நகத்தோடு போனவர்கள் எத்தனை பேரோ! வாடிக்கையாளர் பிந்தி வந்தார். அவருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. வெறும் மண்ணைப் பார்த்தபடி நின்றுவிட்டு, "அடுத்து எப்ப நடுறது?" என்று கேட்டார்.

போக நினைப்பவர்களுக்கு: யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அறை 4,500 ரூபாய்க்குக் கிடைத்தது. தோட்டத்துக்கு வெயிலுக்கு முன் போங்கள், கேட்டுவிட்டு இறங்குங்கள். சாய்ந்த தாளைக் கண்டு துக்கம் விசாரிக்காதீர்கள்.

அண்ணைக்கு அழைத்து வேலை தப்பியதைச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "வெங்காயம் என்ன பருமன்?"

நான் பார்க்கவேயில்லை.