வலது தோளில் ஒரு கை

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். பட்டாளத்தில் துப்பாக்கி தூக்கியவள் நான். பேய் என்றால் வாய்விட்டுச் சிரித்தவள். ஆனால் எல்கன் மலை மூங்கில் காட்டில், பட்டப்பகலில், எனக்கு இது நடந்தது.

பயிற்சியின் கடைசி வாரம். பெண்கள் எட்டுப் பேர், ஒற்றை வரிசை. பேசக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. நிற்கும்போதெல்லாம் கடைசி ஆள் தனக்கு முன்னால் இருப்பவளின் தோளைத் தட்டுவாள். அவள் தனக்கு முன்னால் இருப்பவளை. தட்டல் முன்னே நிற்கும், நாங்கள் அஃபாண்டே என்று அழைக்கும் கார்ப்பரல் மொராவை எட்டினால், எல்லோரும் இருக்கிறோம் என்று அர்த்தம். கடைசி ஆள் என் தோழி நங்கிலா. அவளுக்கு முன்னால் நான்.

"எவளாவது வாயத் தொறந்தீங்க, எட்டுப் பேரும் மூட்டையக் கட்டிக்கிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்," என்றார் மொரா.

"தூங்கி வழியாம வாடி," என்றேன் நங்கிலாவிடம்.

"நீ உகாலிக் களிய நெனச்சு வழி தவறாம இரு, ஜெப்தூ," என்றாள்.

மதியம் மூன்று மணிக்கு மூடுபனி இறங்கியது. நீட்டிய கை தெரியவில்லை. ஒரு ஓடையைக் கடந்து நின்றோம். தட்டல் வந்தது... வலது தோளில்.

நங்கிலா இடது கைக்காரி. அதுவரை இடது தோளில்தான் தட்டினாள்.

சந்தேகம் வந்தது. கடைசி ஆளைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டு, வாயைத் திறக்கிறோமா என்று சோதிப்பார்கள் எனக் கேள்விப்பட்டிருந்தேன். நானா ஏமாறுவேன்? தட்டலை முன்னே அனுப்பினேன்.

அடுத்த நிறுத்தம். மறுபடி வலது தோள். கை பட்ட இடத்தில் சட்டை ஈரமானது.

நடந்துகொண்டே காதைத் தீட்டினேன். என் பூட்ஸ்... சளக், சளக். பின்னால் சத்தமே இல்லை.

மாற்று ஆளுக்கும் பூட்ஸ் இருக்குமே?

இந்த முறை நடக்கும்போதே தோளில் கை விழுந்தது. எடுக்கவில்லை. அங்கேயே இருந்தது...

கத்தினால் எட்டுப் பேர் வேலையும் போகும். கத்தாவிட்டால், நங்கிலா?

திரும்பினேன்.

யாரும் இல்லை.

"நங்கிலாவக் காணோம்!"

மொரா ஓடிவந்தார்.

"நீங்க மாத்தின ஆளு எங்க, அஃபாண்டே?"

"நான் யாரையும் மாத்தலயேடி..." அவர் வந்த வழியே திரும்பினார்.

தட்டல் தோள் மாறிய ஓடைக்கு ஓடினோம். நங்கிலாவின் கால் பாறையிடுக்கில் சிக்கியிருந்தது. மேலே மழை போலும், தண்ணீர் மோவாய் வரை ஏறியிருந்தது. சற்றுத் தாமதித்திருந்தால் பிணத்தைத்தான் தூக்கியிருப்போம்.

எங்களை யாரும் ஊருக்கு அனுப்பவில்லை. மருத்துவக் கூடாரத்தில் அவளைத் திட்டித் தீர்த்தேன்.

"கத்தித் தொலைக்க வேண்டியதுதானடி?"

"கத்தினா உங்க எல்லாருக்கும் வேல போயிடுமே. எனக்குப் பின்னாடி வந்தவகிட்ட சொல்லி அனுப்பினேனே."

"நீதானடி கடைசி?"

"முகாம்லேருந்தே ஒருத்தி என் தோளத் தட்டிக்கிட்டு வந்தா. சோதனைக்கு நிறுத்தின ஆளுன்னு நெனச்சேன். கால் சிக்கினதும் என் கையப் பிடிச்சுக்கிட்டு, முன்னாடி போறவ பேரு என்னன்னு கேட்டா."

"என் பேரச் சொன்னியா?"

"சொன்னேன். அப்புறம்தான் என் கைய விட்டா."