சுப்பராயலுவின் பத்தியம்

பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்தே உள்ளே சுளை எப்படி என்று சொல்லிவிடுவார் பண்ருட்டிப் பழ வியாபாரி சுப்பராயலு. சர்க்கரை நோய் வந்து பத்து வருடமாகியும் மனிதர் சுளையை விட்டபாடில்லை. கடலூர் டாக்டரம்மாவைப் பார்க்கப் போகும் வாரத்தில் மட்டும் பாகற்காயும் கேழ்வரகுக் கூழுமாகப் பத்தியம் இருப்பார். ரத்தத்தில் சர்க்கரை அடக்க ஒடுக்கமாக இருக்கும். பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி வீடு திரும்புவார்.

இந்த முறை டாக்டர் கிரேசி புதிதாக ஒரு பரிசோதனை எடுக்கச் சொன்னார். முடிவைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

“ஐயா, இது மூணு மாசத்து சர்க்கரையையும் சேத்துச் சொல்ற டெஸ்ட்டு. பலா சீசன் முழுக்க ஜாஸ்தியாவே இருந்திருக்கு.”

சுப்பராயலு தலையைச் சொறிந்தார். “நம்ம சரக்கும்மா. ருசி பாக்காம எப்படி விக்கறது?”

“தட்டியே சொல்லிடுவீங்களாமே, ஊரே சொல்லுது. இனிமே தட்டறதோட நிறுத்திக்குங்க.”

வெளியே காத்திருந்த மனைவி அமிர்தம், “என்னா சொன்னாங்க?” என்றாள்.

“கெட்டிக்கார டாக்டரு” என்றார் சுப்பராயலு. “என்னத் தட்டாமலே உள்ள இருக்கற சுளையக் கண்டுபிடிச்சிட்டாங்க.”