மாமா சொன்ன பச்சை

சத்தம் கேட்டால் சிலருக்கு நிறம் தெரியுமாம், அதுவும் ஆளுக்கு ஒரு நிறமாம். போன மாதம் மருமகள் செல்போனில் படித்துவிட்டு அதிசயமாகச் சொன்னாள். நான் கீரை ஆய்ந்துகொண்டே தலையாட்டினேன். எனக்கும் அப்படித்தான் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. ஒரு தடவை சொல்லிப் பட்டது போதும்.

அப்போது மூன்றாம் வகுப்பு. மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறைகளுக்குப் பின்னால் எங்கள் வீடு. விடிந்தால் உளிச்சத்தம்தான். சின்ன உளி வெள்ளையாகப் பொரியும். சம்மட்டி இறங்கினால் கத்தரிப்பூ நிறம் பரவும். எல்லோருக்கும் இப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

அப்பாவின் அக்கா எங்களோடுதான் இருந்தாள். ஒருநாள் வாசலில் நாலு பெண்களோடு அவள் பேசிக்கொண்டிருந்தபோது, ஆசையாக மடியில் சாய்ந்து சொன்னேன்: "அத்த, உன் கொரலு சாணி நெறம்."

காலையில் தெளித்த ஈரச்சாணியின் பச்சை எனக்கு அவ்வளவு பிடிக்கும். அது அத்தைக்கு எப்படித் தெரியும்? அந்தப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். அத்தை அதட்டிக் கேட்டபோது நான் பயத்தில், அப்பா குரல் துரு நிறம், அம்மா குரல் மோர் நிறம் என்று எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன்.

காத்து கருப்பு பட்டிருக்கிறது என்று அத்தை முடிவு கட்டினாள். வெள்ளிக்கிழமை கருங்குழிப் பக்கம் ஒரு பூசாரியிடம் கூட்டிப்போய், வேப்பிலை அடித்து மொட்டை போடுவது. அதோடு பள்ளிக்கூடமும் வேண்டாம். அப்பா சரி என்றார். அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் ஜடையைப் பிடித்துக்கொண்டே திரிந்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் மாமா வந்தார். அம்மாவின் தம்பி, பட்டறையில் சிற்ப வேலை. படாளத்தில் அவருக்குப் பெண் பேசி முடிக்கிற சமயம். அவர் சாப்பிடும்போதே அத்தை எல்லாவற்றையும் கொட்டினாள். மாமா என்னைப் பார்த்தார். என் தலையைப் பார்த்தார். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

"எனக்கும் அப்டித்தான்கா தெரிது."

"இன்னா தெரிது?"

"நெறம்தான். கல்லத் தட்டி ஆம்பளக் கல்லு, பொம்பளக் கல்லுன்னு சத்தத்த வெச்சிதான சொல்றோம்? அதுக்குலாம் வேப்பில அடிச்சா ஊர்ல ஒரு மரம் மிஞ்சாது."

அப்பா நம்பவில்லை. கரண்டியை எடுத்துப் பித்தளைக் குடத்தில் ஓங்கித் தட்டினார்.

"இது இன்னா நெறம் மச்சான்?"

"பச்ச," என்றார் மாமா.

"இல்ல, காவி," என்றேன் நான், வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல்.

இரண்டில் ஒன்று பொய் என்று அத்தை பிடித்துக்கொண்டாள். மாமா அசரவில்லை.

"அவ காது அவளுக்கு, என் காது எனக்கு. நாளைக்கு ரெண்டு பேரையும் இட்டுகினு போ. மொதல்ல எனக்கு மொட்ட போடு."

அத்தை அப்பாவைப் பார்த்தாள். மாப்பிள்ளைக்கு வேப்பிலை அடித்த சேதி படாளத்துக்குப் போனால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். கடைசியில் அப்பாதான், "வுடுக்கா, வெளிய தெரிஞ்சா பொண்ணு குட்க மாட்டான்," என்றார். பெண் பிள்ளைக்கு என்றால் பேய்; மாப்பிள்ளைக்கு என்றால் வெளியே சொல்லக்கூடாத விஷயம். வெள்ளிக்கிழமை நான் ஜடையோடு பள்ளிக்கூடம் போனேன். ஐந்தாம் வகுப்பு வரை போனேன். இதை நானே எழுத முடிகிறதென்றால் அந்த இரண்டு வருஷத்தால்தான்.

ஆனால் அப்போது எனக்கு மாமா மேல் நன்றியா வந்தது? கோபம்தான் வந்தது. காவியைப் போய்ப் பச்சை என்கிறாரே! வரும்போதெல்லாம் சோதிப்பேன். கோயில் மணி நீலம் என்பார். அடுத்த வாரம் அதையே சிவப்பு என்பார். "ஒழுங்கா பாத்து சொல்லு மாமா" என்று அதட்டினால், தலையைச் சொறிந்துகொண்டு, "சரிம்மா, இனிமே பாத்து சொல்றேன்" என்பார்.

எந்தச் சத்தத்திலும் அவருக்கு ஒரு நிறமும் தெரிந்ததில்லை. அது புரிகிற புத்தி அப்போது எனக்கு ஏது? பாவம், மாமாவுக்கு மறதி என்று நினைத்து, பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு நிறமாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.