சாணி வாளியோடு வந்த ஸ்டெல்லா அக்கா

ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில் இருந்தபோது ஷிஃப்ட் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்தது. ஸ்டெல்லா அக்கா மாரடைப்பில் போய்விட்டார். "நேத்துகூட என்னைய ஏசினாவளே!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அழுகை வரவில்லை. ஒன்றும் விளங்கவில்லை என்பதுதான் உண்மை.

எங்கள் குளிர்பான ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு எங்கள் சண்டை தெரியும். அக்கா, குழாய்களையும் டாங்க்குகளையும் கிருமிநாசினி விட்டுக் கழுவும் பிரிவின் பொறுப்பாளர். நான் அந்தக் கழுவுநீரைச் சுத்திகரிக்கும் ஒப்பந்தத் தொழிலாளி. அழுக்கைத் தின்னும் பாக்டீரியாக்களை ஒரு தொட்டியில் வளர்க்கிறேன். அங்கே தெளிந்த நீர்தான் கூலிங் டவருக்கும் கழிப்பறைகளுக்கும் திரும்பப் போகிறது. கிருமிநாசினி நேராக வந்து விழுந்தால் அவ்வளவும் செத்துப்போகும். அதனால் கழுவுநீரைத் திறந்துவிடும் முன் அக்கா போன் செய்வார். "தம்பி, வுடப்போறேன். தனி டாங்க்குக்குத் திருப்பிக்கோ. அப்பால என் மேல கூவாத." அங்கே வீரியத்தை முறித்த பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டிக்குள் விடுவேன்.

போன வருடம் ஒருநாள் போன் வரவில்லை. தொட்டி செத்து நாறியது. லாரித் தண்ணீர் வரவழைத்தார்கள். என்னை வேலையை விட்டு நிறுத்தச் சொன்னார் மேனேஜர். மீட்டிங்கில் அக்கா எழுந்து, "அவன இன்னாத்துக்கு சார் அனுப்புறீங்க? நான்தான் போன் பண்ண மறந்துட்டேன்" என்றார். மெமோவையும் வாங்கிக்கொண்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சுத்தம் கெடும் என்று, வேலைக்கு வருபவர்கள் தலையில் வைத்த பூவைக்கூட வாசலிலேயே கழற்றவைக்கும் மனுஷி, இதைப் போய் மறப்பாரா?

மறுநாள் அதைவிடக் கூத்து. செத்த தொட்டிக்கு உயிர்கொடுக்கச் சாணியும் வெல்லமும் கரைத்து ஊற்றுவோம். ஸ்கூட்டியில், காலுக்கிடையே சாணி வாளியோடு, அக்கா கேட்டில் வந்து நிற்கிறார்! செக்யூரிட்டி மூக்கைப் பிடித்துக்கொண்டு, "மேடம், நீங்களா?" என்றார்.

"நான்தான். கேட்டத் தொற."

"என்னக்கா, எனக்காகவா?" என்று கேட்டேன்.

"மூஞ்சப் பாரு. வாளிய கழுவிக் குடு."

அதன் பிறகும் ஏச்சு குறையவில்லை. எனக்குக் கோபம்தான் வரும். ஆனால் வேலையைக் காப்பாற்றிக் கொடுத்த ஆளை வெறுக்கவும் முடியவில்லை.

மணிமங்கலத்துக் கல்லறையில் மண் போட்டுவிட்டு நின்றபோது, அக்காவின் பிரிவில் வேலை பார்க்கும் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அன்னிக்கு போன் பண்ணாம தொறந்துவுட்டது நான்தாண்ணே. என் வேல போயிடும்னு அக்கா தன் மேல போட்டுக்கினாங்க."

அப்படியானால் அக்கா காப்பாற்றியது அவரையா, என்னையா? அவரைக் காப்பாற்றப் போய் நானும் தப்பினேனா? அப்புறம் சாணி எதற்கு? இன்னும் குழம்பிக்கொண்டுதான் இருக்கிறேன். பாசமாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் அக்கா?

அந்த ஆள் யாரென்று ஆலை நண்பர்கள் கேட்பீர்கள். மேனேஜர் கூப்பிட்டே விசாரிப்பார். சொல்லமாட்டேன். மெமோ அக்கா பேரிலேயே இருக்கட்டும். ஆளைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பது, அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்த ஒன்றைத்தான்.