பொத்தான் அக்காவும் ஸ்வீடன் இறைச்சி உருண்டையும்

ஆஸ்பத்திரித் துணி அறையில் பதினோரு வருடமாகத் தையல் மெஷின் மிதிப்பவளை எல்லோரும் பொத்தான் அக்கா என்பார்கள். வீட்டில் அவளுக்கு வேறு பெயர்: “பாவம்.” அடுப்படியில் வலிப்பு வந்து விழுந்து முழங்கை வெந்த நாளிலிருந்து, அண்ணன் அவளைச் சமையலறைக்குள் விடவில்லை. மாத்திரையில் வலிப்பு அடங்கி இரண்டு வருடமாகியும் தடை மட்டும் அப்படியே இருந்தது.

ஒருநாள் ஸ்லோ குக்கர் வாங்கி வந்தாள். தீ கிடையாது, கரண்டில் மணிக்கணக்காக மெல்ல வேகவைக்கும். பீங்கான் பாத்திரம், மூடி, ஒரு திருகு, அவ்வளவுதான். கூட வந்த சின்னப் புத்தகத்தில் ஸ்வீடன் நாட்டு இறைச்சி உருண்டை என்றிருந்ததைப் பிடித்துக்கொண்டாள். கூடத்திலேயே உட்கார்ந்து, கொத்துக்கறியில் பாலில் ஊறிய ரொட்டித்தூள், வெங்காயம், முட்டை, மிளகு, துளி ஜாதிக்காய் போட்டுப் பிசைந்து, நெல்லிக்காய் அளவில் உருட்டி, இறைச்சிச் சாறு ஊற்றி மூடிவிட்டு வேலைக்குப் போனாள்.

மாலையில் வந்து பார்த்தால் வயர் பிடுங்கப்பட்டுக் கிடந்தது. கறி கெட்டு நாறியது.

“நான்தான் பிடுங்கினேன். ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?” என்றான் அண்ணன்.

“வலிப்பு எனக்குத்தாண்ணா வரும். குக்கருக்கு வராது.”

அத்தனையையும் குப்பையில் கொட்டிக் கழுவினாள். அழவில்லை. மறுநாள் விடிந்ததும் மறுபடி உருட்டி, குக்கரைத் துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துத் துணி அறைக்கே கொண்டுபோய்விட்டாள். இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் சொருகினாள்.

“இது துணி அறையா, ஓட்டலா?” என்று மேற்பார்வையாளர் எகிறினார்.

“மூணு மணிக்கு வந்து கேளுங்க சார்.”

இரண்டரைக்கே வந்துவிட்டார். அப்போதுதான் பால் க்ரீம் ஊற்றிக் கிளறிக்கொண்டிருந்தாள். அவள் நீட்டிய தட்டோடு நின்றவர், கேட்க வந்ததை மறந்துபோனார்.

மீதியை வீட்டுக்கு எடுத்து வந்து மேசையில் வைத்தாள். அண்ணி ஒன்றை வாயில் போட்டாள். “உப்பு கொஞ்சம் தூக்கல்,” என்றபடியே இன்னும் இரண்டு எடுத்தாள்.

அண்ணன் தட்டைத் தள்ளினான். “எனக்கு வேண்டாம்.”

“வேண்டாம்னா விடு. நான் உன்கிட்ட உத்தரவு கேக்கல. நாளைக்கு இந்த வீட்டுலதான் பண்ணப்போறேன். நீ பிடுங்கினா நான் திரும்பச் சொருகுவேன்.”

மறுநாள் அவள் வேலை முடிந்து வந்தபோது குக்கர் மெல்லக் கொதித்துக்கொண்டிருந்தது. “ரெண்டு தடவை சுவிட்சுகிட்ட வந்தாரு. கைய வெச்சுப் பாருங்க, தெரியும்னேன். போயிட்டாரு,” என்றாள் அண்ணி.

அண்ணன் இன்றுவரை அந்த உருண்டைகளைத் தொட்டதில்லை. அதற்காக அவள் ஒரு உருண்டைகூடக் குறைத்து உருட்டியதும் இல்லை.