பாஸை அழித்தது குமரேசன், பழி பர்வீனுக்கு

குமரேசன் சொன்னது பொய். பர்வீனுக்குத் தாளம் தப்பவில்லை. தப்பு அவன் தயாரித்த கார்டு ஷீட்டில், அதாவது நான் பார்த்து வாசிக்கும் ஸ்வரக் கூட்டுகளின் பட்டியலில், இருந்தது. அதை யோசிக்காமல் வாசித்த என் இடது கையிலும் இருந்தது.

நான் செங்கல்பட்டுக்காரன். இருபத்திரண்டு வருடமாகக் கல்யாண மேடைகளில் கீபோர்டு வாசிக்கிறேன். குமரேசன் எங்கள் மெல்லிசைக் குழுவை நடத்துகிறவன், என்னைவிட வயதில் சின்னவன். பர்வீன் எங்கள் பாடகி. மற்ற நேரத்தில் புதுப்பட்டினத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். புதிதாக அரேஞ்சர் கீபோர்டு வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். குமரேசனும் படிக்கட்டும்.

1. அழித்த எழுத்து

பாட்டுக்கு அடி ஸ்வரம் தரும் எங்கள் பாஸ் கிட்டார்காரர் டேனியல் துபாய்க்கு வேலைக்குப் போய்விட்டார். குமரேசன் வேறு ஆள் தேடவில்லை.

"அண்ணாத்த, உன் அரேஞ்சர்லயே பாஸ் கீது. நீ இடது கையில கார்டு புடிச்சா ட்ரம்ஸு, பாஸு, கிட்டாரு எல்லாம் தானா வாசிக்குது. இன்னாத்துக்கு இன்னொரு ஆளு?" என்றான்.

அதுவரை சரிதான். ஆனால் ஷீட்டுகளை டேப்லெட்டில் புதிதாக அடித்தபோது, ஸ்லாஷ் என்ற சாய்கோட்டையும் அதன் பின்னால் இருந்த எழுத்தையும் தூக்கிவிட்டான். G/B என்று எழுதியிருந்தால் G கார்டு வாசி, பாஸ் மட்டும் B-யில் நிற்கட்டும் என்று பொருள். அவன் அதை வெறும் G ஆக்கிவிட்டான்.

"அது பாஸ்காரனுக்கு எழுதனது. ஆளே இல்ல, எழுத்து எதுக்கு?"

நானும் தலையாட்டினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

2. கோவளம் வரவேற்பு

மணமக்களை வாழ்த்த எங்களிடம் சொந்தப் பாட்டு ஒன்று உண்டு. டேனியல் மெட்டுப் போட்டது. சரணத்துக்கு முன்னால் பர்வீன் ஒரே ஸ்வரத்தை நான்கு பார், அதாவது நான்கு தாளச் சுற்று, இழுத்துப் பிடிப்பாள். அடியில் பாஸ் பாருக்கு ஒரு படியாக C, B, A, G என்று இறங்கும். பர்வீன் விரல் விட்டு எண்ணுகிறவள் இல்லை. பாஸ் G-க்கு வந்துவிட்டால் அடுத்த பாரில் சரணம். அவளுக்கு அதுதான் கணக்கு.

கோவளத்தில் மண்டபம் நிறைய ஆட்கள். என் டேப்லெட்டில் இருந்தது C, G, Am, C. அப்படியே வாசித்தேன். இரண்டாவது பாரிலேயே பாஸ் G-க்குக் குதித்துவிட்டது. பர்வீன் மூன்றாவது பாரில் சரணத்தை எடுத்தாள். இரண்டு பார் முன்னால். பாட்டு உடைந்து நின்றது.

குமரேசன் மைக்கை அணைக்காமலே கேட்டான். "இன்னாம்மா, தாளம் தெரியாதா? வூட்லயே குந்திகினு பாட வேண்டியதுதானே!"

கூட்டம் சிரித்தது.

"பாஸு எறங்கிடுச்சுண்ணே. அதான் எடுத்தேன்" என்றாள் பர்வீன்.

"பாஸாம் பாஸு! மிஷினு தப்பு பண்ணுமா?"

மறுநாள் காலையில், செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை உள்ள குழுக்காரர்கள் எல்லோரும் இருக்கும் வாட்ஸாப் குரூப்பில் அவன் குரல் பதிவு வந்தது. "பர்வீனுக்குத் தாளம் நிக்கல. கூப்புடறவங்க யோசிச்சுக் கூப்புடுங்க." அவளை அழைத்திருந்த இரண்டு குழுக்கள் வேறு பாடகியைப் பார்த்துக்கொண்டன. அதன் பிறகு யாரும் கூப்பிடவில்லை.

3. ஆன் பாஸ்

'பாஸு எறங்கிடுச்சுண்ணே' என்று அவள் சொன்னது என்னை விடவில்லை. டேனியலின் கையெழுத்தில் இருந்த பழைய ஷீட்டைத் தேடி எடுத்தேன். C, G/B, Am, C/G. பர்வீனை ஒரு ஞாயிறு காலை வீட்டுக்கு வரச் சொன்னேன்.

கீபோர்டு ஃபிங்கர்டு முறையில் இருந்தால், கார்டை எப்படித் திருப்பிப் பிடித்தாலும் பாஸ் ரூட்டில், அதாவது கார்டின் பெயர் ஸ்வரத்தில்தான் விழும். ஃபிங்கர்டு ஆன் பாஸ் என்று மாற்றினால், இடது கையில் எது அடி ஸ்வரமோ அதுவே பாஸ். மாற்றி வாசித்தேன். கண்றாவி! முதல் பாரிலேயே பாஸ் G-யில் விழுந்தது. கையை நகர்த்தச் சோம்பல்பட்டு C கார்டை எப்போதும் G-C-E என்றே பிடித்துப் பழகியவன் நான். இத்தனை வருடம் மிஷின் அதை மூடி மறைத்திருக்கிறது.

பர்வீன் சிரித்துவிட்டாள். "இன்னாண்ணே, கடைசியா எறங்கி வர வேண்டியவரு மொதல்லயே கீழ குந்திகினு கீறாரு!"

கையைத் திருத்தினேன். C-E-G. B-D-G. A-C-E. G-C-E. இறங்கியது! பாஸ் அப்படியே படிப்படியாக இறங்கியது! என் கீபோர்டிலிருந்து டேனியல் வாசிப்பது போல இருந்தது. பர்வீன் நான்கு பாரும் பிடித்து நின்று, சரியான இடத்தில் சரணத்தை எடுத்தாள். நான் நாற்காலியை விட்டு எழுந்து கத்தினேன்.

"இன்னொரு தபாண்ணே!"

ஏழு முறை வாசித்தேன். ஏழு முறையும் சரி. பிறகு அவளிடம் சொல்லாமல் குமரேசனின் ஷீட்டுக்கு மாறினேன். மூன்றாவது பாரில் எடுத்துவிட்டாள். "பாத்தியா! அன்னிக்கு இதான் நடந்துச்சு!" என்று மேஜையில் ஓங்கித் தட்டினாள்.

உடனே குமரேசனை வரவழைத்தேன். இரண்டையும் கேட்டான். "கரெக்ட்டுதான் அண்ணாத்த" என்றான்.

"அப்ப குரூப்புல சொல்லு."

"அதெல்லாம் பேஜாரு. சொன்னா என்னை எவன் மதிப்பான்? அடுத்த ப்ரோக்ராமுக்கு இவளக் கூப்டுக்கறேன், வுடு."

"நீ கூப்புடவே வேணாம்ண்ணே. தப்பு என்னுது இல்லன்னு சொல்லு, போதும்" என்றாள் பர்வீன்.

அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கீபோர்டுகாரர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஸ்லாஷுக்குப் பின்னால் உள்ள எழுத்து அழகுக்கு வைத்ததில்லை. ஒருவர் அதை நம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு மேடையில் நிற்கிறார். மிஷின் பாஸ் வாசித்தாலும் பொறுப்பு உன் இடது கைக்குத்தான். பாடுகிறவர் தப்பாக எடுத்தால், வாயைத் திறப்பதற்கு முன் உன் கையைப் பார்.

என் தப்பை அந்தக் குரூப்பில் ஒப்புக்கொண்டுவிட்டேன். இரண்டு வாசிப்பையும் பதிவு செய்து போட்டிருக்கிறேன். குமரேசா, நீ கேட்டுவிட்டாய், உன் பெயருக்கு நேராக நீல டிக் விழுந்திருக்கிறது. எல்லோரும் கேட்க உன் வாயாலேயே பதில் சொல். எழுத்தை அழித்தது யார்? பர்வீன் தாளம் தப்பினாளா, இல்லையா?